ஃபிரிட்ஜின் மேல் மூன்று பேராசிரியர்கள்

எங்கள் தெருவில் இன்ஜினியரிங் முடித்தவர்கள் இருக்கிறார்கள். போலீஸில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வக்கீலுக்குப் படித்துவிட்டுத் தெருவின் எல்லாச் சண்டைகளிலும் இலவசமாகக் கலந்துகொள்கிறார். இயற்பியல் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் மிக்ஸி ஓடவில்லை என்றால் என்னிடம் கொண்டுவருவார்கள். ஒரு சின்னப் படிகத்தின் வழியாக வெப்பம் எப்படிப் போகிறது என்று ஆராய்ச்சி செய்கிறேன், மிக்ஸி எனக்குத் தெரியாது என்று பலமுறை விளக்கியிருக்கிறேன். வெப்பம் என்று சொன்னதோடு என் தவறு ஆரம்பித்தது. அடுத்த வாரத்திலிருந்து அயர்ன்பாக்ஸும் வர ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான்தான். அப்பா பள்ளிக்கூடத்துக்கு வெளியே சுவர் பூசியிருக்கிறார். அம்மா அந்தச் சுவருக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறார். திருமுல்லைவாயிலிலிருந்து தினமும் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய் ஆராய்ச்சி செய்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால், "இன்னும் படிச்சிகினேதான் கீறியா? எத்தினி தபாதான்டா ஃபெயிலாவ?" என்று பக்கத்து வீட்டு அக்கா உண்மையான இரக்கத்தோடு கேட்பார்.

இந்த நிலையில்தான் நானும் என் நண்பனும் தெருமுனைப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தோம். அவன் வேதியியல் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் இருக்கிறான். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை நல்ல அறிவியல் படிப்புகளுக்கு அனுப்புவது எங்கள் திட்டம். இந்தத் தெருக்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று ஊரில் பல பேருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. கணக்கெல்லாம் வரும். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்கிற செய்திதான் வந்து சேராது. வந்து சேர்ந்தாலும் விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு மறுநாள் வரும்.

படிப்பகத்தில் எங்களுக்கு முன்பே குடியிருந்தவர்கள் கேரம் ஆடுகிறவர்கள். அவர்களை எழுப்ப யாராலும் முடியாது. ஆகவே ஒளி விலகலை நடத்தும்போது பின்னால் சிவப்புக் காய் விழுந்த மகிழ்ச்சி கேட்கும். ஒரு நன்மையும் இருந்தது. உந்தம் என்றால் என்ன, மோதல் என்றால் என்ன என்பதற்கு நான் படம் வரைய வேண்டியதில்லை. திரும்பிப் பார்க்கச் சொன்னால் போதும். கொஞ்ச நாளில் ஸ்ட்ரைக்கரை எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்று பிள்ளைகள் ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். அதன் பிறகு அவர்களே எங்களைப் பார்த்து, கொஞ்சம் தள்ளிப் போய் நடத்தச் சொன்னார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நல்ல உயரம். உயரம் காரணமாக ஒன்றாம் வகுப்பிலிருந்தே கடைசி பெஞ்ச். அங்கே உட்கார்ந்துகொண்டு, ஆசிரியரின் கண்ணில் படாமல், அவள் பாட்டுக்கு எல்லாவற்றையும் புரிந்துகொண்டு வந்திருக்கிறாள். அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை. அம்மா எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கிறார். ஐந்து வருடம் சேர்ந்தாற்போல் அறிவியல் படிக்கிற ஒரு பெரிய நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் இந்தப் பெண் தேறிவிட்டாள். அங்கே தங்க இடம் கொடுத்து, உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைப்பார்கள். வீட்டில் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நேர்முகத் தேர்வு. அதுவும் ஆன்லைனில்.

அது கிடைக்காவிட்டால் என்ன என்பதை அவள் அப்பா மறைக்கவில்லை. அம்மா வேலை செய்யும் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவுக்குப் பெண்களை எடுக்கிறார்கள், சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்தாகிவிட்டது, வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் ஏதாவது படித்துக்கொள்ளட்டும் என்றார். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல், படிப்பக வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அதில் சில என்னுடைய மாணவர்களுடையவை. தப்பான ஜோடி.

நேர்முகத்துக்குப் பயிற்சி கொடுக்க முடிவு செய்தோம். நண்பன் அவன் வீட்டு மாடியில் இருந்தபடி பேராசிரியராக வருவான். பெண் படிப்பகத்தில் என் லேப்டாப் முன்னால் உட்காருவாள். அது பிளஸ் டூவில் எனக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப். திரையைப் பிடித்துக்கொள்ளும் கீல் தளர்ந்துபோய், யாராவது தும்மினால் வணக்கம் சொல்வதுபோல் முன்பக்கம் குனியும்.

இணைப்பு வந்தது. நண்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குட் மார்னிங்" என்றான். பெண் சடாரென்று எழுந்து நின்றாள். "குட் மார்னிங் சார்" என்று பள்ளிக்கூடத்து ராகத்தில் நீட்டினாள். பிறகு உட்காரவே இல்லை. அவன் கேள்வி கேட்டான். அவள் நின்றபடியே பதில் சொன்னாள், நல்ல பதில். என் போன் அடித்தது. நண்பன்தான்.

"மச்சான், எனக்கு வயிறு மட்டும்தான் தெரியுது. ஆனா வயிறு சூப்பரா பதில் சொல்லுதுடா."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். அவன் மறுபடி பேசியதும் எழுந்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. சார் பேசினால் கால்கள் தாமாகவே நிமிர்ந்துகொள்கின்றன. பன்னிரண்டு வருடப் பழக்கம். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தால் இன்னொரு சிக்கல் வந்தது. உட்கார்ந்தபடி சாரிடம் பேச அவளுக்கு வார்த்தை வரவில்லை. நியூட்டனின் இரண்டாம் விதி என்ன என்று அவன் கேட்டதற்கு, மன்னிப்புக் கேட்டாள்.

இது ஒரு பழக்கம், இதை மாற்றிவிடலாம் என்று நான் நம்பினேன். நான் ஆராய்ச்சி மாணவன் அல்லவா, முறைப்படி சோதனைகள் வைத்தேன். முதலில் கை வைத்த நாற்காலி. நாற்காலியோடு எழுந்தாள். அடுத்து அவள் துப்பட்டாவையே எடுத்து நாற்காலியில் முடிந்தோம். அந்தப் பக்கமாக வந்த கேரம் ஆட்டக்காரர் ஒருவர், ஒரு பெண்ணை நாற்காலியில் கட்டிப்போட்டு நான் கேள்வி கேட்பதைப் பார்த்துவிட்டு, நிதானமாக என் சட்டைக் காலரைப் பிடித்தார். விளக்கம் சொல்லி முடிக்க நேரமாயிற்று. மூன்றாவதாக நண்பன் ஒரு யோசனை சொன்னான். மடியில் தூங்குகிற குழந்தை இருந்தால் எந்தப் பெண்ணும் எழுந்திருக்க மாட்டாள் என்றான். பக்கத்து வீட்டு அக்காவின் குழந்தையைக் கடன் வாங்கி மடியில் போட்டோம். அற்புதமாக வேலை செய்தது. உட்கார்ந்தாள், பேசினாள், ஆனால் குழந்தை எழுந்துவிடுமே என்று எல்லாவற்றையும் ரகசியம்போலக் கிசுகிசுத்தாள். புவியீர்ப்பு விசையை யாரோ ஊரைவிட்டு ஓடிப்போன செய்தி மாதிரிச் சொன்னாள். பேராசிரியராக இருந்த நண்பனும் தன்னை அறியாமல் கிசுகிசுக்க ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில் என் வழிகாட்டிப் பேராசிரியரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஒரு வரைபடம் திருத்த வேண்டும் என்றார். சரி சார், ஆமா சார், அனுப்பிடுறேன் சார். பேசி முடித்துப் போனை வைத்தால் வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் குழந்தையோடு அவள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, நீங்களும் எந்திரிச்சு நின்னுகினுதான் பேசினீங்க."

உண்மைதான். கொஞ்சம் குனிந்தும் நின்றிருக்கிறேன் என்று வகுப்பில் இன்னொருத்தன் சேர்த்துச் சொன்னான். மேஸ்திரியின் போன் வந்தால் என் அப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நிற்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. நான் உட்கார்ந்தேன். குழந்தை எழுந்துகொண்டு அழுதது.

அவளே அதற்கு ஒரு வழி சொன்னாள். "நான் நிக்கிறேன் அண்ணா. நின்னாதான் எனக்கு யோசனை வருது. லேப்டாப்பத் தூக்கி மேல வெச்சிட்டா ஆச்சு."

முதலில் எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. இத்தனை சோதனை செய்தவன் இதை யோசித்திருக்க வேண்டும். நின்றால் மரியாதை, உட்கார்ந்தால் தைரியம் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன் போல. அவளுக்கு அந்தக் கணக்கே இல்லை. நின்றால் மூளை ஓடுகிறது, அவ்வளவுதான்.

படிப்பகத்தில் வேலை நாட்களிலும் கேரம் ஓயாது என்பதால், நேர்முகத்தை அவள் வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஒரு அறை, அதற்குள்ளேயே ஒரு ஓரத்தில் அடுப்படி. மேலே வைக்க எது சரியான உயரம் என்று அளந்து பார்த்தோம். பீரோ மிக உயரம். அங்கிருந்து பார்த்தால் அவள் வகிடு மட்டும் தெரிந்தது. அடுப்பு மேடை தாழ்வு. ஃபிரிட்ஜ்தான் கச்சிதம். அதன் தலையில் லேப்டாப்பை வைத்து, எதிரே பீரோவுக்கு முன்னால் அவளை நிறுத்தினால், முகம் நேராக வந்தது. பீரோக் கண்ணாடியில் பின்னந்தலை ஜடையும் சேர்ந்து தெரிந்தது. நண்பன் அதைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டணத்துக்கு இரண்டு மாணவிகள் என்றான்.

அந்த வரிசையிலேயே ஃபிரிட்ஜ் இருக்கிற வீடு அது ஒன்றுதான். அதனால் அது அவர்களுடைய ஃபிரிட்ஜ் மட்டும் இல்லை. மூன்று வீட்டு இட்லி மாவு, ஒரு வீட்டு மல்லிகைப்பூ, யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு பூசணிக்காய்த் துண்டு எல்லாம் உள்ளே இருக்கும். நேர்முக நேரத்தில் யாரும் மாவு எடுக்க வரக்கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லோரும் சம்மதித்தார்கள். அதன் பலன், அன்று காலை யாருமே மாவுக்காக வரவில்லை. நேர்முகத்தைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே நாங்கள் எல்லோரும் வெளியே ஜன்னலோரம். நான், லீவு போட்டுவிட்டு வந்த என் நண்பன், அரை நாள் அனுமதி வாங்கியிருந்த அவள் அப்பா, குழந்தையோடு பக்கத்து வீட்டு அக்கா, இன்னும் சிலர். அம்மாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. மதியத்துக்குமேல் விடுவார்கள் என்று சொல்லியிருந்தார். சத்தம் போடக் கூடாது என்று நான் எல்லோரையும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டேன். அக்கா தலையாட்டிவிட்டு, என் காதில், "கெலிச்சா நமக்கு எப்டி தெரியும்? பெல் அடிப்பாங்களா?" என்று கேட்டார்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். ஒரு அம்மையார், ஒரு வயதான சார், இளைஞராக ஒரு சார். ஜன்னலிலிருந்து பார்க்க, ஃபிரிட்ஜின் மேல் சாமி படங்கள் மாதிரி வரிசையாகத் தெரிந்தார்கள். உட்கார்ந்துகொள்ளம்மா என்று அம்மையார் ஆங்கிலத்தில் சொன்னார். நின்றால்தான் எனக்கு வசதி மேடம் என்று இவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் நன்றாகப் பயிற்சி செய்திருந்தோம்.

பிறகுதான் தடுமாற்றம். ஏன் அறிவியல் படிக்க விரும்புகிறாய் என்று கேட்டார்கள். அதற்கு நான் எழுதிக் கொடுத்த பதிலை மனப்பாடமாகச் சொன்னாள். நாட்டுக்கு, மனித குலத்துக்கு, வருங்காலத் தலைமுறைக்கு என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஜன்னலில் நின்று கேட்கும்போது எனக்கே கொட்டாவி வந்தது. இளைய சார் நடுவில் குறுக்கிட்டு வேறு ஏதோ கேட்டார். பாதியில் நின்றுபோனதால் மிச்சம் மறந்துவிட்டது. அவர் கேட்டதும் மனதில் ஏறவில்லை. தமிழில் சொல்வதென்றால் சொல்லலாம், எனக்குத் தமிழ் தெரியும் என்று வயதானவர் சொன்னார். தமிழிலும் எதுவும் வரவில்லை. துப்பட்டா நுனியைச் சுற்ற ஆரம்பித்தாள். பக்கத்தில் அவள் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், கம்பி வளைந்துவிடும்போல் இருந்தது.

அப்போது ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது.

நாங்கள் ஒத்திகை பார்த்தபோதெல்லாம் அது ஓய்ந்து கிடந்தது. அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அது தன் வழக்கப்படி ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு கிளம்பியது. மேலே லேப்டாப் குதித்தது. திரை குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு நிமிர்ந்தது. பேராசிரியர்கள் மூவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதுபோல் எனக்குத் தோன்றியது. அம்மையார் பதறிப்போய், அங்கே நிலநடுக்கமா என்று கேட்டார்.

"இல்ல மேடம். ஃபிரிட்ஜு. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆவுது. உங்கள அதுமேலதான் வெச்சிருக்கேன்."

வயதானவர் முன்னால் சாய்ந்தார். இப்போது ஆட்டம் நின்றுவிட்டதே, ஃபிரிட்ஜும் நின்றுவிட்டதா என்று கேட்டார். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள். ஓடும்போது ஆடாமல், கிளம்பும்போது மட்டும் ஏன் ஆடுகிறது என்றார்.

அவள் துப்பட்டாவை விட்டுவிட்டாள்.

கிளம்பும்போது மட்டும் இல்லை சார், நிற்கும்போதும் ஆடும், இன்னும் அதிகமாக ஆடும் என்று ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் அவள் பாய். சின்ன வயதிலிருந்து அதன் முதுகில் முதுகு வைத்துத் தூங்குகிறவள். உள்ளே மோட்டார் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, அந்த ஸ்பிரிங்குக்கென்று சொந்தமாக ஒரு அதிர்வெண் இருக்கிறது, மோட்டார் முழு வேகத்தில் சுற்றும்போது அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆனால் நிற்க வரும்போது வேகம் குறைந்து குறைந்து அந்த அதிர்வெண் வழியாகத்தானே இறங்கி வர வேண்டும், அந்த இடத்தில் வந்ததும் உலுக்குகிறது என்றாள். பாதி ஆங்கிலம், பாதி திருமுல்லைவாயில். ஒத்ததிர்வு என்ற சொல்லைக்கூட அவள் கடைசியாகத்தான் சொன்னாள், ஏதோ பெயர் கேட்டால் சொல்வதுபோல.

வரைந்து காட்ட முடியுமா என்றார் வயதானவர்.

காகிதமும் பேனாவும் அடுப்படிப் பக்கம் இருந்தன. அவள் அங்கே போகவில்லை. பின்னால் திரும்பினாள். பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் அவள் அம்மா நெற்றியிலிருந்து எடுத்து எடுத்து ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் ஒரு கூட்டமாக இருந்தன. சிவப்பு, கறுப்பு, விசேஷ நாளுக்குக் கல் வைத்தது. அவற்றை ஒவ்வொன்றாக உரித்துக் கண்ணாடி நடுவில் ஒட்ட ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் வேகம் சார், மேலே ஆட்டம். இங்கே கொஞ்சம், இங்கே அதிகம், உச்சியில் கல் வைத்த பொட்டு, அப்புறம் இறக்கம், முழு வேகம் இங்கே. மலை மாதிரி ஒரு வளைவு. மூன்று பேராசிரியர்களும் மூக்கு திரையில் படும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். நண்பன் என் தோளைக் கிள்ளினான். எனக்கு வலித்ததா என்று நினைவில்லை.

இவ்வளவு நேரமும் ஃபிரிட்ஜ் மெல்லிய அதிர்வோடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் லேப்டாப் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. அவள் முதுகு காட்டி நின்றதால் கவனிக்கவில்லை. கவனித்தவர் அவள் அப்பா. விதி என்ன என்பதெல்லாம் அவருக்கு அப்போது நினைவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, ஃபிரிட்ஜைப் பக்கவாட்டில் இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் அழுத்தி நின்றார். திரையின் ஓரத்தில் விரல்கள் முளைத்தன. அது யாருடைய கை என்று இளைய சார் கேட்டார்.

"எங்கப்பா சார்."

வணக்கம் ஐயா என்று வயதானவர் மரியாதையாகச் சொன்னார். அவர் சொல்லியிருக்கக் கூடாது. சார் ஒருவர் வணக்கம் சொன்ன பிறகு கையைக் கூப்பாமல் இருக்க அவரால் முடியாது. இரண்டு கைகளையும் விட்டுவிட்டுக் கும்பிட்டார். லேப்டாப் சரிந்தது. பதறிப் பிடித்தார். அம்மையார், பரவாயில்லை ஐயா என்றார். மறுபடி விட்டுவிட்டுக் கும்பிட்டார். மறுபடி சரிந்தது. ஜன்னலில் நாங்கள் எல்லோரும் அவரவர் வாயைப் பொத்திக்கொண்டோம். அக்கா குழந்தையின் வாயையும் சேர்த்து.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நைனா, கும்புடாத. புடி."

அவர் பிடித்தார். அதன்பிறகு யார் என்ன பேசினாலும் தலையை மட்டும் அசைத்தார்.

வயதானவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். உன் படத்தில் உங்கள் அப்பா எங்கே வருவார்?

அவள் யோசிக்கவே இல்லை. "அப்பா வந்து தணிப்பு சார். டேம்பிங். அவர் புடிச்சிருந்தா மலையே கொறஞ்சிடும்" என்றாள். கண்ணாடிப் பக்கம் போய், உச்சியில் இருந்த கல் பொட்டை எடுத்துக் கீழே ஒட்டினாள். பக்கத்தில் இருந்தவற்றையும் இறக்கினாள். மலை மேடாகியது. சொன்னால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா என்றார் அவர். இதோ சார் என்று ஃபிரிட்ஜைத் திறந்து, மாவுப் பாத்திரங்களுக்கு நடுவே கையை விட்டுக் குளிர்ச்சியைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். மோட்டார் நிற்கப் போனது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவள் அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

ஒரு சின்ன முனகல். அவ்வளவுதான். லேப்டாப் அசையவில்லை. லேசாக ஒரு நடுக்கம் மட்டும் தொடர்ந்து இருந்தது. இது என்ன என்று இளைய சார் கேட்டார். அது ஃபிரிட்ஜ் இல்லை சார், அப்பா பயத்தில் நடுங்குகிறார் என்றாள்.

அம்மையார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ரொம்ப நன்றாக இருந்தது, நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளலாம் என்றார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவள் முடித்துக்கொள்ள விடவில்லை.

"மேடம், ஒரு தபா பண்ணா போதாது. அப்பா இல்லாமலும் ஒரு தபா பண்ணிப் பாக்கணும். அப்பதான கம்பேர் பண்ண முடியும்? திரும்ப ஸ்டார்ட் ஆவ கொஞ்ச நேரம் புடிக்கும். வெயிட் பண்றீங்களா?"

தேர்வு செய்ய வந்தவர்களைப் பார்த்துக் காத்திருக்கச் சொல்கிறாள். நான் ஜன்னலிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வயதானவர் மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு, சரி, காத்திருக்கிறோம் என்றார்.

ஃபிரிட்ஜ் மறுபடி கிளம்ப வேண்டுமே என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அந்த இடைவெளியில் அவர்கள் ஏதேதோ கேட்டார்கள். என்ன பிடிக்கும், எப்படிப் படித்தாய், வகுப்பு எங்கே நடக்கிறது. கேரம் பலகையைப் பற்றிச் சொன்னாள். நான் எழுதிக் கொடுத்த பதில் எதுவும் அதில் இல்லை. ஏன் அறிவியல் என்ற கேள்வி மறுபடி வந்தபோது, தூங்கும்போது முதுகுப் பக்கம் உலுக்கினால் எதற்கு என்று தெரிய வேண்டாமா மேடம் என்று கேட்டாள். பிறகு திருகைத் திருப்பி ஃபிரிட்ஜை ஓடவிட்டு, அப்பாவைத் தள்ளி நிற்கச் சொல்லி, லேப்டாப்பின் மேல் தன் கையை லேசாக வைத்துக்கொண்டு, மறுபடி அதை நிறுத்தி இரண்டாவது சோதனையையும் செய்து காட்டினாள். ஃபிரிட்ஜ் உலுக்கிய உலுக்கில் உள்ளே ஏதோ ஒரு மாவுப் பாத்திரத்தின் மூடி விழுந்தது. ஜன்னலில் நின்றிருந்தவர்களில் ஒருவர், அது என் மாவு என்று முனகினார்.

இணைப்பைத் துண்டித்ததும் அக்கா முதல் ஆளாக உள்ளே போய், கெலிச்சிட்டியாடி என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. விதியை மீறி அப்பா உள்ளே போனது, பேராசிரியர்களை ஃபிரிட்ஜ் மேல் வைத்தது, காத்திருக்கச் சொன்னது எல்லாவற்றையும் நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்து, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் புலம்பிக்கொண்டே போனேன். நண்பன் கூடவே வந்து, "வுடு மாமே, நாம எழுதிக் குடுத்தத சொல்லியிருந்தா கண்டிப்பா வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்று ஆறுதல் சொன்னான்.

மதியம் அம்மா வந்திருக்கிறார். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பொட்டெல்லாம் எதற்கு நடுவில் வந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கிராஃப் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு முடிவு வரும்வரை அந்தக் கண்ணாடியில் யாரும் கை வைக்கவில்லை. அம்மா மேட்டுக்குக் கீழே இருந்த மிச்ச இடத்தில் குனிந்து தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போனார்.

எக்ஸ்போர்ட் கம்பெனி சூப்பர்வைசர் இரண்டு முறை கேட்டுவிட்டார். அடுத்த திங்கள்கிழமை வந்து சேராவிட்டால் வேறு ஆள் என்றார். அவள் அப்பா அந்த வாரம் முழுக்கத் துப்புரவு வேலை முடிந்ததும் நேராகப் படிப்பகத்துக்கு வந்து, கேரம் ஆடாமல், கேரம் ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை அவளுடைய போனில் மின்னஞ்சல் வந்தது. அவள் படிக்கவில்லை. ஓடி வந்து என்னிடம் கொடுத்தாள். நான் எழுந்து நின்று படித்தேன்.

தேர்வாகியிருந்தாள். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். கேரம் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் படிப்பகத்தின் வரலாற்றில் அது முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார்கள்.

விடுதியில் கொண்டுபோய் விட இரண்டு பேர் வரலாம் என்று எழுதியிருந்தது. சென்ட்ரலில் வண்டியேற்றத் தெருவே வந்தது. அக்கா ஒரு டப்பாவில் தக்காளித் தொக்கு கொடுத்தார். வக்கீல், ராகிங் நடந்தால் உடனே தனக்குப் போன் செய்யும்படி சொல்லி, தன் எண்ணைத் தொக்கு டப்பாவின் மூடியில் எழுதினார். அம்மாவும் அவளும் ஏறிக்கொண்டார்கள். இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும் என்று அப்பா ஏறவில்லை. ஜன்னலோரம் நின்று, இத்தனை நாளும் கேட்காததை அப்போதுதான் கேட்டார்.

"ஆமா, இத்த படிச்சி முடிச்சா நீ இன்னாவா ஆவ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரில நைனா."

நான் குறுக்கே புகுந்து ஏதாவது பெரிய பதவியாகச் சொல்லலாமா என்று பார்த்தேன். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. அவர் ஜன்னல் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"பரவால்ல. தெரிஞ்சதும் போன் பண்ணி சொல்லு" என்றார்.